பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

"தம்பி, வெள்ளிக்கிழமை பின்னேரம் அஞ்சு மணியெண்டு போட்டிருக்கிறியள். அஞ்சுக்குத் தொடங்கினால் சுடலைக்குப் போய்ச்சேரப் பொழுதுபட்டிடுமே?"

வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்குத் தொலைபேசியில் இப்படியொரு கேள்வி வந்தால் யாருக்குத்தான் என்ன விளங்கும்? ஜெயரூபன் வாய் நிறையப் பற்பசை நுரையோடு கிணற்றடியில் நின்றான். நுரையைத் துப்பிவிட்டு, "ஆர் கதைக்கிறது? என்ன சுடலை?" என்றான்.

"டொக்டர் குகநேசனைப் பற்றித்தான் கேக்கிறன். இணுவில் சந்தியிலை கட்டியிருக்கிற பானரிலை உம்மடை நம்பர்தானே கிடக்கு?"

ஜெயரூபன் வாயைத் துடைத்தான். "ஐயா, அவர் சாகேல்லை."



"அப்ப இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறாரோ? அதுக்குள்ளை பானர் அடிச்சிட்டியளே! நீங்களெல்லாம் மனிசரோ?"

போன் வைக்கப்பட்டது. அடுத்த நிமிடமே வேறொருவர் எடுத்துப் பிரேதம் எப்போது சுவீடனிலிருந்து வருகிறது என்று கேட்டார்.

ஜெயரூபனைச் சும்மா சொல்லக்கூடாது, வேலைகாரன். பல்கலைக்கழகத்தின் ஊடகப் பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறான். பிரிவு என்றால் ஏதோ பெரிய கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், அவன் ஒருவன்தான். ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தம் முடியும், ஒவ்வொரு வருடமும் கெஞ்சிக்கூத்தாடிப் புதுப்பிப்பார்கள். இந்த வருடம் அவன் ஒரு பொட்காஸ்ட் தொடங்கியிருந்தான். இங்கே படித்துவிட்டு உலகமெல்லாம் போய்ச் சாதித்தவர்கள் தங்கள் வாழ்க்கையையும் ஆராய்ச்சியையும் பற்றிப் பேசுவார்கள். நல்ல நிகழ்ச்சிதான். கேட்கத்தான் ஆளில்லை. முதல் நிகழ்ச்சியைப் பதினொரு பேர் கேட்டார்கள், அதில் மூன்று தடவை அவனே கேட்டது. அடுத்ததை ஒன்பது பேர். அதற்கடுத்ததைப் பதினான்கு பேர் கேட்டபோது அவன் மனைவிக்கு லட்டு வாங்கிக்கொண்டு போனான்.

"இந்த முறை ஐந்நூறு பேராவது கேக்கவேணும் ஜெயரூபன்," என்று பிரிவுக்குப் பொறுப்பான பேராசிரியர் கிறிஸ்ரோபர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "இல்லாட்டில் வியாழக்கிழமை பீடச் சபையிலை உம்மடை ஒப்பந்தத்தைப் பற்றி நான் வாய் திறக்கேலாது."

ஒப்பந்தம் போனால் கொழும்புக்குத்தான் போகவேண்டும். மனைவி சுன்னாகத்தில் ஆசிரியை, மகளுக்கு நாலு வயது. இரண்டு பேரையும் விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு அறைக்குள் படுத்துக்கிடப்பதை அவனால் நினைத்தும் பார்க்கமுடியவில்லை. அதனால்தான் எட்டு மாதமாக மின்னஞ்சல் அனுப்பி அனுப்பி டாக்டர் குகநேசனைப் பிடித்தான். இதயத்தின் சத்தத்தைக் கேட்டே மாரடைப்பு வரப்போவதை முன்கூட்டிச் சொல்லும் ஒரு சின்னக் கருவியை அவருடைய குழு கண்டுபிடித்திருந்தது. இன்னும் பரீட்சைக் கட்டம்தான், ஆனாலும் பெரிய காரியம். நாற்பத்திரண்டு நிமிடம் மனம்விட்டுப் பேசினார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு பானர் கட்டாமல் விடலாமா? அவர் பிறந்த ஊர்ச் சந்தியிலேயே கட்டவேண்டும் என்று ஜெயரூபன் முடிவெடுத்தான். வசனத்தையும் தானே எழுதினான். ஒரு மனிதரை ஊருக்கு மரியாதையாக அறிமுகப்படுத்துவது எப்படி என்று யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேப்பரின் பின்பக்கத்து மரண அறிவித்தல்களை வாசித்து வாசித்து வளர்ந்த கை, தன்பாட்டில் எழுதியது:

"இணுவிலைப் பிறப்பிடமாகவும் சுவீடனை வதிவிடமாகவும் கொண்ட வைத்திய கலாநிதி குகநேசன் அவர்கள். மாரடைப்பு. வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு. உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரையும் அன்புடன் வேண்டுகிறோம்."

'மாரடைப்பு பற்றிய உரையாடலைக் கேட்குமாறு' என்று எழுதத்தான் இருந்தான். வரி நீண்டுவிட்டதால் சுருக்கினான்.

அவன் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு ஐந்துசந்திக்குப் பக்கத்திலிருந்த சப்ரானின் பானர் கடைக்குப் போய் இறங்கியபோது மணி ஏழரை. சப்ரான் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து அந்தக் கடையைப் போட்டுப் பன்னிரண்டு வருடம். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று யாழ்ப்பாணத்தாரின் எல்லாக் காரியமும் அவன் கணினிக்குள் கிடந்தன.

"என்னடாப்பா செய்துபோட்டாய்? பூமாலை போட்டிருக்கு, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு எரியுது!"

"நீங்கள் அனுப்பின வசனத்தை வாசிச்சிட்டு நானே கவலைப்பட்டனான் அண்ணை. இந்த வயசிலை பாவம் மனிசன் எண்டு. குத்துவிளக்குக்கு நான் காசும் எடுக்கேல்லை."

"கேட்டுப்போட்டுச் செய்திருக்கலாமே?"

சப்ரான் தன் போனைத் திருப்பிக் காட்டினான். பானரின் படத்துக்குக் கீழே ஜெயரூபன் அனுப்பிய பதில் கிடந்தது: 'நல்ல மரியாதையாயிருக்கு. அடியும்.'

கோதாரி! ஜெயரூபன் தலையில் கைவைத்தபடி மரவாங்கில் உட்கார்ந்துவிட்டான்.

"புதுசா அடிக்கப் பின்னேரமாகும் அண்ணை, மெஷினிலை வேறை வேலை ஓடுது. ஒரு ஸ்ரிக்கரெண்டால் பத்து நிமிசத்திலை தாறன், மேலை ஒட்டிவிடலாம்."

ஜெயரூபனுக்கு மூளை வேலை செய்தது. டாக்டரின் குரலைக் கேட்டால் சனம் தானாக நம்பும். வெள்ளிக்கிழமைவரை ஏன் காத்திருப்பான்? இப்போதே பொட்காஸ்டை வெளியிட்டால் சரி. அங்கேயே நின்று போனில் அதை வெளியிட்டான். இணைப்பையும் போட்டு ஸ்ரிக்கருக்கு ஒரு வசனம் சொன்னான். சப்ரான் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, ஏற்கனவே வாங்கிக்கட்டியது போதும் என்று அடித்துக்கொடுத்தான்.

எட்டரைக்கு இணுவில் சந்தியில் ஏணி வைத்து ஜெயரூபனே ஒட்டினான்: "உலகெங்கும் வாழும் உறவுகள் இணையத்தினூடாக இணைந்துகொள்ளலாம்."

கனடாவிலும் பாரிஸிலும் இருக்கும் பிள்ளைகளுக்காகச் செத்தவீட்டை இணையத்தில் நேரடியாகக் காட்டுவது இப்போது ஊர்வழக்கம். அந்த அறிவித்தலில் வருகிற வசனம் எழுத்துக்கு எழுத்து இதேதான். அது அவனுக்கு ஏணியால் இறங்கும்போதுதான் உறைத்தது. அதற்குள் மூன்று பேர் அதைப் படமெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பதரைக்குள் பொட்காஸ்டை அறுநூறு பேர் கேட்டுவிட்டார்கள். பத்து மணிக்கு இரண்டாயிரம். கீழே கருத்துகள் குவிந்தன.

'ரொறன்ரோவிலிருந்து பார்க்கிறோம். படம் வரவில்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. சரிசெய்யவும்.'

'கடைசியாகக் கதைத்ததாம். கேட்டு அழுதுவிட்டேன்.'

'மாரடைப்பை ஆராய்ந்தவருக்கே மாரடைப்பு. விதியைப் பாருங்கள்.'

ஜெயரூபன் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அறிவித்தல் போட்டான்: 'டாக்டர் குகநேசன் அவர்கள் நலமாக உள்ளார்.'

உடனே ஒருவர் பதில் எழுதினார்: 'ஆம், இறைவன் திருவடியில் நலமாக உள்ளார். ஓம் சாந்தி.' அதற்கு நானூறு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

டாக்டரையே பிடித்துவிட்டால் ஒரு நிமிடத்தில் தீருகிற விஷயம். அவருக்கு எட்டுத் தடவை எடுத்தான். மணி அடித்தது, ஆள் எடுக்கவில்லை. 'சேர், ஒரு பிழை நடந்துவிட்டது, மன்னிக்கவேண்டும், உயிரோடு இருப்பதாக ஒரு வரி எழுதுங்கள்' என்று செய்தி அனுப்பினான். நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை. வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார் என்றால் வழக்குத்தான் போடப்போகிறார் என்று அவனுக்கு வியர்த்தது.

டாக்டரின் அக்கா நாகேஸ்வரி இணுவிலில்தான் இருந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருக்கு எடுத்தான்.

"அக்கா, நான் பல்கலைக்கழகத்திலையிருந்து கதைக்கிறன். அந்தப் பானர்..."

"பேந்து கதைப்பம் தம்பி. வீடு முழுக்க ஆக்கள்."

மூன்று தடவை எடுத்தான். மூன்று தடவையும் அவன் 'பானர்' என்று சொல்லுமுன்னே வைத்துவிட்டார்.

பதினொரு மணிக்குப் பேராசிரியர் கிறிஸ்ரோபர் எடுத்தார். "ஜெயரூபன், நீர் என்ன வேலை பார்த்துவைச்சிருக்கிறீர்? மேலிடத்திலை மலர்வளையம் அனுப்பியாச்சு!"

"சேர், ஏழாயிரம் பேர் கேட்டிட்டினம்."

"செத்தவீட்டுக்கு ஆக்கள் வராமல் விடுவினமோ? கதையை விடும். நாலு மணிக்குப் பீடச் சபை. குடும்பத்திலையிருந்து ஒரு முறைப்பாடு வந்துதோ, உம்மடை ஒப்பந்தமும் இல்லை, உந்தப் பிரிவும் இல்லை. போய்க் காலிலை விழுந்தெண்டாலும் 'முறைப்பாடில்லை' எண்டு எழுத்திலை வாங்கிக்கொண்டு வாரும்."

இணுவிலில் நாகேஸ்வரியின் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பிய ஜெயரூபன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டான். இரண்டு பக்கமும் வெள்ளைக்கொடி. சனசமூக நிலையத்துப் பெடியள் இந்த விஷயங்களில் வலு சுறுக்கு. வாசல் படலைக்கு முன்னால் பந்தல் பாதி எழும்பியிருந்தது. மலர்வளையம் அவனுக்கு முன்னரே வந்து வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டிருந்தது.

"தம்பி, சும்மா நிக்காமல் உந்தக் கதிரையளை இறக்கும்," என்றது ஒரு குரல்.

வாய்விட்டுச் சொல்ல வந்தவன் நாற்பது பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கினான். பிறகு தேத்தண்ணித் தட்டைக் கையில் கொடுத்தார்கள். அதையும் கொண்டு திரிந்தான். செய்யாமல் விடலாமா? செத்தவீடல்லவா? ஐயோ, செத்தவீடே இல்லை என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

வேப்பமரத்துக்குக் கீழே வெள்ளை வேட்டியோடு ஒரு பெரியவர் தனியே இருந்தார். தேத்தண்ணியை வேண்டாம் என்று தலையசைத்தார். கையில் யாரோ கொடுத்த போன். காதோடு வைத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"உவர்தான் டொக்டரின்ரை மூத்த அண்ணை, தியாகலிங்கத்தார்," என்று பந்தல்காரர் காதுக்குள் சொன்னார். "நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறார். இந்தப் படலைக்குள்ளை கால்வைச்சுப் பதினாறு வருசம்."

"ஏன்?"

"தேப்பன் மாரடைப்பிலை மோசம்போகேக்கை டொக்டர் வரேல்லை. விசா இல்லையோ என்னவோ. 'அப்பாவின்ரை செத்தவீட்டுக்கு வராதவன்ரை முகத்திலை முழிக்கமாட்டன்' எண்டு நிண்டிட்டார். தங்கச்சி டொக்டரின்ரை பக்கம் கதைச்சதாலை அவவோடையும் கதையில்லை. கலியாணம், காட்சி ஒண்டுக்கும் போக்குவரத்தில்லை. இண்டைக்குத்தான் வந்திருக்கிறார். எவ்வளவு பகையெண்டாலும் இதுக்கு வராமல் விடேலுமோ?"

பெரியவரின் காதோரம் கசிந்த சத்தத்தை ஜெயரூபன் அறிந்துகொண்டான். அவனே வெட்டி ஒட்டிய ஒலிப்பதிவு. டாக்டரின் குரல் மெல்லக் கேட்டது.

"அப்பா ரெண்டு நாளா நெஞ்சு நோகுதெண்டு சொன்னவராம். வாய்வெண்டு நினைச்சு இஞ்சித் தேத்தண்ணி குடிச்சவராம். நான் இஞ்சை ஆஸ்பத்திரியிலை ஆர் ஆரின்ரையோ நெஞ்சையெல்லாம் கேட்டுக்கொண்டு நிண்டனான். அவரின்ரை நெஞ்சை மட்டும் கேக்கேல்லை. அந்தக் கவலையிலைதான் இந்த ஆராய்ச்சிக்குள்ளை இறங்கினனான்."

பெரியவர் நிறுத்தினார். விரலால் பின்னுக்கு இழுத்து அதே இடத்தை மறுபடியும் கேட்டார். முகத்தில் ஒன்றுமில்லை, வாயிலும் ஒன்றுமில்லை. பார்க்கப் பார்க்க ஜெயரூபனுக்குக் கண் கலங்கியது. இந்த மனிதரை இப்படி வதைப்பது தன்னுடைய இரண்டு வரிதான் என்று நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது. "இப்பொழுது பல்கலைக்கழகத்தின் சார்பில் ஒருவர் அஞ்சலியுரை ஆற்றுவார்."

ஜெயரூபன் பாய்ந்துபோய் ஒலிவாங்கியைப் பிடித்தான். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது கிடைக்கும்?

"எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ! டொக்டர் குகநேசன் சாகேல்லை!"

கூட்டம் விம்மியது. "ஓம்!" என்றார் முன்வரிசையில் ஒரு ஓய்வுபெற்ற அதிபர், கண்ணைத் துடைத்தபடி.

"ஐயோ, உண்மையாச் சொல்லுறன். அவர் உயிரோடைதான் இருக்கிறார்!"

"எங்கடை நெஞ்சிலை இருக்கிறார் தம்பி!"

"நெஞ்சிலை இல்லை, சுவீடனிலை..." என்று அவன் தொடங்கவும், விறாந்தையில் இருந்த நாகேஸ்வரி இரண்டு கையையும் தூக்கி, "என்ரை ராசா!" என்று வைத்தாரே ஒரு ஒப்பாரி! ஒலிபெருக்கியே அடங்கிப்போனது. சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஜெயரூபன் கத்திய மிச்சம் அவனுக்கே கேட்கவில்லை. இறங்கி வந்தவனை அதிபர் கட்டிப்பிடித்து, "இப்பிடியொரு அஞ்சலியுரை நான் கேட்டதில்லை," என்றார்.

இரண்டரை மணிக்குக் குசினியில் நாகேஸ்வரி தனியே இருந்தார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று தியாகலிங்கத்தாரின் மனைவி இடியப்பமும் சொதியும் சம்பலும் கொண்டுவந்து வைத்திருந்தார். பதினாறு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த சாப்பாடு. நாகேஸ்வரி ஐந்தாவது இடியப்பத்தில் சொதி விட்டுக்கொண்டிருந்தார். கவலையில் சிலருக்கு இப்படிப் பசிக்கும் என்று ஜெயரூபன் நினைத்துக்கொண்டான்.

"அக்கா, பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம். ஒரு கையெழுத்து வேணும்."

'மேற்படி பானர் தொடர்பில் எமக்கு எதுவித முறைப்பாடும் இல்லை' என்று தட்டச்சுச் செய்து கொண்டுவந்திருந்தான். நாகேஸ்வரி கை கழுவி, கண்ணாடி போட்டு, முழுவதையும் வாசித்தார். ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினார். கீழே வடிவாகக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கிடைத்துவிட்டது! இனிக் கொழும்பில்லை. ஜெயரூபன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு விறுவிறு என்று படலைவரை வந்தான். தியாகலிங்கத்தார் அதே இடத்தில், அதே போனோடு இருந்தார்.

ஜெயரூபன் நின்றுவிட்டான். போய்விடலாம். நாளைக்கு விஷயம் தானாகத் தெரியும், கையில் கடிதமும் இருக்கும். ஆனால் உள்ளே ஒரு மனுசி உயிரோடிருக்கும் தம்பிக்காக அழுதுகொண்டிருக்க, அவரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? "நாசமாய்ப் போக!" என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி நடந்தான்.

குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கடிதத்தை நாகேஸ்வரிக்கு முன்னால் வைத்தான்.

"அக்கா, இதைக் கிழிக்கிறதெண்டால் கிழியுங்கோ. முழுப்பிழையும் என்ரை. நான் பொட்காஸ்டுக்கு எழுதின வசனம் செத்தவீட்டு வசனமாப் போச்சுது. சத்தியமாச் சொல்லுறன், உங்கடை தம்பி சாகேல்லை. என்ரை வேலை போனால் போகட்டும், நீங்கள் அழாதேங்கோ."

நாகேஸ்வரி கடிதத்தை எடுத்துத் திரும்பவும் அவன் சட்டைப்பைக்குள் செருகினார். முந்தானைக்குள்ளிருந்து தன் போனை எடுத்து, மறுமுனைக்குக் கேட்காதபடி கையால் பொத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும் தம்பி, குகநேசன் விடியத்தொடக்கம் லைனிலைதான் நிக்கிறான், பெரியண்ணை வாய் திறந்து 'அவனோடை ஒரு வார்த்தை கதைச்சிருக்கலாம்' எண்டு சொல்லுமட்டும் தான் உயிர்க்கமாட்டானாம், நீர் கெதியாப் போய் அந்தாளுக்கு உம்மடை பொட்காஸ்டை இன்னுமொருக்காப் போட்டுவிடும்."